படிப்பு ஏறாது என்று சொல்வதற்கு முன்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் நடத்திவரும் மாலை வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். கணக்கை வாயால் கேட்டால் உடனே விடை சொல்வான். கேட்ட கதையைச் சொல் விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைக் கொடுத்தாலோ, ஐந்தாம் வகுப்பிலும் எழுத்தெழுத்தாகத் தடுமாறினான். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதினான். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்றது பள்ளி. நாமும் அதையே சொன்னோம். எட்டாம் வகுப்போடு அவன் செங்கல் சூளைக்குப் போனான். விழா நாளில் நம் சாதனைகளோடு இக்குற்றத்தையும் ஒப்புக்கொள்வதே நேர்மையாகும்.

1896ஆம் ஆண்டிலேயே, பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இத்தகைய 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் அவனே பள்ளியில் முதல்வனாக விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். அக்குறைபாட்டையே இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். அது சோம்பலன்று, அறிவுக்குறைவுமன்று.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வாசிக்கத் தடுமாறினால், "ஏன்?" என்று கேட்கிறார்கள். நம் பிள்ளை தடுமாறினால் எவரும் கேட்பதில்லை. படிக்காத பெற்றோர், வறுமை, சேரிச் சூழல் என்று விடை முன்னரே ஆயத்தமாக இருக்கிறது. விடை இருப்பதால் வினா எழுவதில்லை. அதே கூரையின்கீழ், அதே வறுமையில் வளர்ந்த தங்கை சரளமாக வாசிக்கும்போது அண்ணன் மட்டும் ஏன் தடுமாறுகிறான்? இவ்வினாவை நாமே எழுப்ப வேண்டும்.

அதற்காக, வாசிக்காத பிள்ளைகள் அனைவருக்கும் டிஸ்லெக்சியா என்று முடிவுகட்டுதல் தகாது. ஆசிரியரே இல்லாத வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைக்கு வேண்டியது கற்பித்தல். இரண்டையும் பிரித்தறியவே சோதனை தேவைப்படுகிறது.

முதலில் கண்ணையும் காதையும் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். ஆறு மாதம் முறையாகக் கற்பித்தும் தடுமாற்றம் நீங்காவிடின், பிள்ளையின் நோட்டுப் புத்தகங்களுடன் தலைமையாசிரியரைக் காணுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பார்க்க வேண்டுமென்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். பின்னர் உளவியலாளர் அறிவுத்திறனை ஒருபுறமும், வாசித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றை மறுபுறமும் சோதிப்பார். பிள்ளை வீட்டில் பேசும் மொழியிலும் சோதிக்கச் சொல்லுங்கள். அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் பொதுவாக 8 வயதிற்குப் பின்னரே கிடைக்கும். உதவியை அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை.

இது எவரிடமும் கேட்கும் பிச்சையன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டை ஏற்றுள்ளது. பிள்ளைகளிடம் இதனை விரைவில் கண்டறிந்து உரிய முறையில் கற்பிப்பதைக் கல்வி நிலையங்களின் கடமையாக்கியும் உள்ளது. உரிய சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுவோரும் பெறலாம்.

இளைஞர்களே! கூலி வேலையை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலையப் பெற்றோரால் இயலாது. அவர்களுடன் நீங்கள் செல்லுங்கள்; விண்ணப்பத்தை நீங்கள் எழுதுங்கள். எழுதப் படிக்கும் உரிமை நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. அப்படி மறுக்கப்பட்ட நாம், "உனக்குப் படிப்பு ஏறாது" என்ற சொல்லை நம் பிள்ளையிடம் இனி ஒருபோதும் சொல்லலாகாது.