விறைப்பு மருந்தின் விலை



நோவுள்ள இடத்தை விறைக்கச் செய்யும் லிக்னோகெயின் 1943இல் சுவீடனில் உருவான பழைய மருந்து. அதன் காப்புரிமை என்றோ முடிந்துவிட்டது. இருந்தும் கிளிநொச்சி உழவன் அதற்குக் கூடிய விலை கொடுப்பதேன்?

காரணம் இரண்டு. ஒன்று, நாணயம். நம் நாட்டு மருந்துகளிற் பெரும்பாலானவை இறக்குமதி. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மருந்து விலையும் கூடவே ஏறிற்று. மற்றது, வணிகப் பெயர். மருந்து ஒன்றே, பெட்டியிலுள்ள பெயருக்கே மிகைப் பணம். இதை உணர்ந்தே பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் வாயிலாக, பொதுப் பெயரில் மருந்து வாங்கும் வழியைக் காட்டினார்.

நாணயச் சரிவை நாம் தனித்துத் தடுக்க இயலாது; பெயரை மாற்ற இயலும். மருத்துவர்களே, பொதுப் பெயரை எழுதுங்கள்! உழவர்களே, அப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள்! வவுனியா முதல் முல்லைத்தீவு வரை அம்மருந்து தட்டுப்பாடின்றிக் கிடைக்க அரசை வற்புறுத்துவோம்!