கங்காணியும் அவர் கூட்டமும்



ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் ‘பெரட்டு’ என்றால் விளக்கம் தேவையில்லை. விடியும் முன்னே ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. தோட்டத்து எழுத்தரான கிராணி, ஆட்களின் பேர்ப் பதிவேடான செக்ரோலைப் பார்த்துப் பேர் படிப்பார், ஆள் குரல் கொடுப்பார், யாருக்கு எந்த நிரை என்று கங்காணி சொல்லுவார். மலேசியாவில் சிலியாவ், லிங்கி, ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் இந்தச் சொல் காதில் விழாத காலை கிடையாது. அதே நெகிரி செம்பிலானில், இன்றைக்கு நீலாயிலோ செண்டாயானிலோ வளரும் ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பரோட்டாவா என்று திருப்பிக் கேட்கும். என் அக்காள் மகன் கேட்டான்.

அன்றைக்குத்தான் ஒரு வேலையைத் தொடங்கினேன். அம்மாவுக்கு நினைவிருக்கும் தோட்டத்துச் சொற்களை ஒவ்வொன்றாக எழுதி வைப்பது. மரத்துப் பாலைப் பிடிக்கும் மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால், தொழிலாளர் குடியிருக்கும் லயம், ஆயக்கொட்டகை, வெளிக்காட்டு வேலை என்று நீண்டுகொண்டே போனது. நான் பிழைப்புக்குச் செய்வது மென்பொருளுக்குக் கையேடு எழுதும் வேலை. ஒரு நிரலை எப்படி நிறுவுவது, எந்தப் பொத்தான் எதற்கு, பழுது வந்தால் என்ன செய்வது என்று எழுதிக் கொடுப்பவன். கை பழகிய கருவியிலேயே அம்மாவின் சொற்களையும் ஏற்றினேன். இன்றைக்குப் பேசப்போவது அந்தக் கருவியைப் பற்றி. கணினி பற்றிய பேச்சு என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். நடுவில் கங்காணி வருவார்.

கையேடு எழுதுகிற எங்களுக்கெல்லாம் மார்க்டவுன்தான் தாய்மொழி மாதிரி. 2004-இல் ஜான் குரூபர் என்ற அமெரிக்க எழுத்தாளர் உருவாக்கியது. ஆரன் சுவார்ட்ஸ் என்ற இளைஞர் அவருக்குத் துணை நின்றார். யோசனை மிகச் சின்னது. வெறும் எழுத்தாக எழுது. தலைப்பு வேண்டுமா, வரிக்கு முன்னால் ஒரு சதுரக்குறி போடு. அழுத்திச் சொல்ல வேண்டுமா, சொல்லின் இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போடு. பட்டியலா, வரி தொடக்கத்தில் ஒரு சிறு கோடு. நிரல் அதை இணையப் பக்கமாக மாற்றிக்கொள்ளும். மாற்றாவிட்டாலும் மனிதர் படித்தால் புரியும். கிராணி நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிற எழுத்து மாதிரிதான்.

சின்னதாக இருந்ததுதான் அதன் அழகு. குறையும் அதுவே. குரூபர் கொடுத்த மார்க்டவுனில் அட்டவணைக்குக் குறி கிடையாது, அடிக்குறிப்பு கிடையாது, ‘கவனம்!’ என்று பெட்டி கட்டிக் காட்டவும் வழி கிடையாது. மென்பொருள் கையேட்டுக்கு இதெல்லாம் சோற்றுக்கு உப்பு. ஆகவே ஆளாளுக்கு நீட்சிகள் எழுதினார்கள். பைத்தான் மொழியில் எழுதுபவர்களுக்கு ஐசக் மியூஸ் என்பவர் ‘பைஎம்டவுன்’ என்ற பெயரில் ஒரு பெட்டி நிறைய நீட்சிகள் செய்து தந்தார். ஒன்று பெட்டி கட்டும். இன்னொன்று மடித்து வைத்த பத்தியைத் தொட்டால் விரிக்கும். மற்றொன்று செய்து முடித்த வேலைக்குச் சரி போடும்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. ஒரு நிறுவனத்தில் ஐம்பது குழுக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழு எட்டு நீட்சிகளைச் சேர்க்கும், இன்னொன்று பன்னிரண்டை. இங்கே எழுதிய பக்கம் அங்கே உடைந்து நிற்கும். நானே ஒரு நிறுவனத்தில் மூன்று வாரம் இதை மட்டும் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பேர் வேண்டாம்.

பாட்டுக் கேட்கிற ஸ்பாட்டிஃபை செயலி உங்கள் கைப்பேசியில் இருக்கலாம். சுவீடன் நாட்டு நிறுவனம். அவர்களுடைய பொறியாளர்களுக்கும் இதே தலைவலி. தங்களுக்குள் பயன்படுத்திவந்த ‘பேக்ஸ்டேஜ்’ என்ற தளத்தை 2020 மார்ச்சில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். கையேடுகளுக்காக அதில் ஒரு பகுதி உண்டு, பெயர் டெக்டாக்ஸ். அதன் உள்ளே ‘டெக்டாக்ஸ் கோர்’ என்று ஒரு செருகுநிரல். எம்கேடாக்ஸ் என்ற கருவியின் அமைப்புக் கோப்பில் இந்த ஒரு பெயரை மட்டும் எழுதினால் போதும். பக்கத்தின் தோற்றத்துக்கு மெட்டீரியல் என்ற வார்ப்புரு வரும், தேடல் வரும், கூடவே ஏறத்தாழ இருபது மார்க்டவுன் நீட்சிகளும் வந்து நிற்கும். எல்லாக் குழுவுக்கும் ஒரே கூட்டம், ஒரே பழக்கம்.

இதை அம்மாவுக்கு எப்படியோ விளக்கினேன். கடலை உரித்துக்கொண்டே கேட்டார். “ஒரு பேர எழுதினா இருவது பேர் வேலைக்கு வந்துர்றாங்களா?” ஆமாம் என்றேன். “கங்காணிதானேய்யா அது.”

அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? தோட்டத்தை நடத்திய அன்றைய வெள்ளைக்காரத் துரைக்குத் திருச்சியும் தெரியாது, சேலமும் தெரியாது. ஒரு கங்காணிக்கு உரிமம் வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவர் தன் சொந்தம், தன் சாதி, பக்கத்து ஊர் என்று ஆள் சேர்த்துக் கப்பலில் கூட்டிவருவார். துரை பேசுவது கங்காணியிடம் மட்டும். அவர் கையெழுத்துப் போட்டால் கூட்டம் மொத்தமும் காட்டுக்கு இறங்கும். ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு தனி. 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை இந்த ஆள்சேர்ப்பு நடந்தது. துரைக்கு அது வசதிதான், சந்தேகமில்லை. கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று துரைக்குத் தெரியாமல் போனதும் அந்த வசதியால்தான்.

டெக்டாக்ஸ் கோர் என்ற நம் கங்காணியின் கூட்டத்திலிருந்து இரண்டு மூன்று பேரை மட்டும் உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்.

முதல் ஆள் பெட்டி கட்டுபவர். வரியின் தொடக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி, பக்கத்தில் ‘எச்சரிக்கை’ என்பதற்கான ஆங்கிலச் சொல், அடுத்த வரியை நான்கு இடம் தள்ளி எழுத வேண்டும். பக்கத்தில் அது வண்ணப் பெட்டியாக நிற்கும். மங்கைப் பற்றிய பக்கத்தில் ‘மழைத்தண்ணீர் நிற்கும் மங்கில் கொசு முட்டையிடும், கவிழ்த்து வை’ என்று அம்மா சொன்னதை அப்படித்தான் போட்டேன்.

இரண்டாவது ஆள் ‘துணுக்கு’. இவருக்குக் குறி வேடிக்கையானது. இரண்டு சிறு கோடு, ஓர் எட்டு, ஒரு ‘சிறியது’ குறி, மறுபடி இரண்டு சிறு கோடு. சேர்த்துப் பார்த்தால் படுக்க வைத்த கத்தரிக்கோல் மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு கோப்பின் பெயர் கொடுத்தால் அந்தக் கோப்பிலுள்ளதை வெட்டி எடுத்து இங்கே ஒட்டும். ஒரு குறிப்பை ஒரே இடத்தில் எழுதி நாற்பது பக்கத்தில் காட்டலாம். பின்னால் திருத்தினால் நாற்பதிலும் திருந்தும். என்னைக் கேட்டால் கூட்டத்திலேயே உருப்படியான ஆள் இவர்தான்.

மூன்றாமவர் கொஞ்சம் அதிகப்பிரசங்கி. ஒன்று, சாய்கோடு, இரண்டு என்று எழுதினால் அழகான அரைக் குறியாக மாற்றிவிடுவார். சமையல் குறிப்புக்குச் சரி. நம் ஊரில் பிப்ரவரி முதல் தேதியையும் அப்படித்தானே எழுதுகிறோம்! ஒரு தேதி ‘அரை’யாகி நிற்பதை நான் ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். அவரை நான் கூப்பிடவே இல்லை. கங்காணியோடு வந்தவர்.

பட்டியலுக்குள் பட்டியல் எழுத பைத்தானின் மார்க்டவுன் நான்கு இடம் தள்ளச் சொல்லும். இரண்டு இடம் போதும் என்று செய்துகொடுக்கிற ஆள் ஒருவரும் கூட்டத்தில் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்ததுபோல, ‘எக்ஸ்ட்ரா’ என்று ஒரு நீட்சி தனக்குக் கீழே ஏழெட்டுப் பேரை வைத்திருக்கிறது. கணக்குப் பார்க்கப் போனால் தலை சுற்றும்.

வேடிக்கையை விட்டுவிட்டு ஒரு விஷயம். 2023 மே மாதம், நான் புகழ்ந்த அந்தத் துணுக்கு நீட்சியில் ஓட்டை ஒன்று இருப்பது தெரியவந்தது. கோப்பின் பெயருக்கு முன் சில புள்ளிகளும் சாய்கோடும் சேர்த்தால், கையேட்டுக்கு வெளியே அந்தக் கணினியில் இருக்கும் வேறு கோப்புகளையும் அது வெட்டி எடுத்துக் காட்டிவிடும். பத்தாம் பதிப்பில் ஐசக் மியூஸ் அதை அடைத்தார். ஒவ்வொரு நீட்சியையும் தானே பெயர் எழுதிச் சேர்த்தவர் செய்தியைப் படித்ததும் ‘என்னிடம் இருக்கிறதே’ என்று ஓடியிருப்பார். கங்காணியின் பெயரை மட்டும் எழுதியவருக்குத் துணுக்கு என்று ஓர் ஆள் தன் தோட்டத்தில் இருப்பதே தெரிந்திருக்காது. கங்காணி புதுப்பித்தால்தான் அவருக்கு விடிவு.

கங்காணியும் இன்னொருவரை நம்பித்தான் நிற்கிறார். தோற்றத்துக்கு மெட்டீரியல் என்றேனே, அதைச் செய்தவர் மார்ட்டின் டோனாத். அவருடைய குழு 2025 நவம்பரில் ஜென்சிகல் என்ற புதுக் கருவியை அறிவித்தது. மெட்டீரியலுக்கு இனிப் புது வசதிகள் இல்லை, பழுது பார்ப்பது மட்டும்தான் என்றும் சொல்லிவிட்டது. லயத்துக்குக் கூரை மாற்ற மாட்டோம், ஒழுகினால் ஒட்டுப் போடுவோம் என்கிற மாதிரி.

இத்தனைக்குப் பிறகும் நான் அந்த ஒரு பெயரைத்தான் எழுதுகிறேன். இருபது பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்த எனக்கு நேரமில்லை. ஒன்று மட்டும் செய்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, உள்ளே யார் யார், எந்தப் பதிப்பு என்று பேர் கூப்பிட்டுப் பார்க்கிறேன். எனக்கும் பெரட்டு உண்டு.

அப்படி ஒரு நாள் பெரட்டு எடுத்தபோதுதான் தமிழுக்கு என்ன ஆகிறது என்று கவனித்தேன்.

ஒவ்வொரு தலைப்புக்கும் கருவி ஒரு முகவரி செய்துகொள்ளும். அந்த முகவரியை நண்பருக்கு அனுப்பினால் அவர் நேராக அந்தத் தலைப்பில் வந்து இறங்குவார். இயல்பாக அது ஆங்கில எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடுகிறது. பெரட்டு, தோட்டம், மங்கு என்று நான் வைத்த தலைப்பு எதுவும் மிஞ்சவில்லை. அடிக்கோடு ஒன்று, அடிக்கோடு இரண்டு, அடிக்கோடு மூன்று என்று வெறும் எண்கள். நடுவில் ஒரு புதுச் சொல்லைச் சேர்த்தால் கீழே உள்ள எண்களெல்லாம் மாறும். ஒட்டுப்பாலுக்கு அனுப்பிய முகவரி ஆயக்கொட்டகையில் போய் இறக்கும்.

சரி, பிறமொழி எழுத்துகளையும் ஏற்றுக்கொள்ளும் முறை இருக்கிறதே என்று அதற்கு மாற்றினேன். இப்போது எழுத்து வந்தது. ‘தோட்டம்’ என்ற தலைப்பின் முகவரியைப் படிக்கிறேன், கேளுங்கள்: தடடம. மங்கு, ‘மஙக’ ஆயிற்று. பெரட்டு, ‘பரடட’. பைத்தானின் தேடுவிதியில் சொல்லுக்குரிய எழுத்து எது என்று ஒரு வரையறை இருக்கிறது. அதில் உயிரும் அகரம் ஏறிய மெய்யும் அடங்கும். கொம்பு, கால், புள்ளி இவையெல்லாம் தனி எழுத்தல்ல, ஒட்டிக்கொண்டு வரும் குறிகள் என்று யூனிகோடில் வகைப்படுத்தியிருப்பதால் அந்த வரையறைக்குள் வருவதில்லை. முகவரி செய்யும் விதி அவற்றை நிறுத்தற்குறியோடு சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடுகிறது. அம்மாவிடம் ‘தடடம’ என்று படித்துக் காட்டினேன். “பல்லு போன கெழவி பேசற மாதிரி இருக்கு” என்றார்.

தேடலிலும் இதே கதைதான். லூனர் என்ற தேடல் நிரல், ஆங்கிலத்துக்கென்று அமைத்த நிலையில், சொல்லின் இரு முனைகளிலும் ஆங்கில எழுத்தல்லாததைச் சீவிவிடும். தமிழ்ச் சொல்லில் முனை ஏது, நடு ஏது, எல்லாம் சீவப்பட்டு ஒன்றும் மிஞ்சாது. பட்டை போக மரத்தையும் சேர்த்துச் சீவுகிற வெட்டு. இதற்கு மருந்து இருக்கிறது. லூனருக்கான மொழித் தொகுப்பில் தமிழும் சேர்ந்திருக்கிறது, அமைப்பில் தமிழைக் குறித்தால் கிடைக்கும். முகவரிக்கும் தற்காலிகமாக ஒரு வழி உண்டு. தலைப்புக்குப் பக்கத்தில் நெளிவு அடைப்புக்குள் நாமே ஒரு முகவரியை எழுதிவிடலாம். என் தளத்தில் அப்படித்தான் செய்திருக்கிறேன், ஆங்கில எழுத்தில். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 1985-இலேயே முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய நாடு இது.

யாரையும் குறை சொல்லவில்லை. எழுதியவர்கள் இலவசமாக எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் கண்ணில் தமிழ்த் தலைப்பு பட்டிருக்காது, யாராவது போய்க் காட்டினால்தானே தெரியும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் பைத்தான் படிக்கிற மகனோ மகளோ இருக்கலாம். பொலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ இருக்கலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. முகவரி செய்யும் அந்தச் சார்பு சில வரிகள்தான், மூலநிரல் எல்லாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. ஒட்டிவரும் குறிகளையும் எழுத்தாக ஏற்றுக்கொள்ள அதைத் திருத்தி, தோட்டம், மங்கு, பெரட்டு என்ற மூன்று சொல்லையும் சோதனையாகச் சேர்த்து, செய்தவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.