பாட்டைக் கழித்த மொழிப் படிப்பு எதற்கு?



பழங்குடி மொழிக்கும் இசைக்கும் ஒரு துறை தொடங்குங்கள் என்றால், "அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு நான் ஒரே ஒரு மனிதரைக் காட்டுகிறேன்.

இன்றைய ஜார்க்கண்டின் ராஞ்சி மாவட்டத்துத் தியூரிச் சிற்றூரில், முண்டா பழங்குடிக் குடும்பத்தில், 1939இல் பிறந்தவர் ராம்தயாள் முண்டா. சிகாகோவில் மொழியியல் முனைவர். மினசோட்டாவில் ஆசிரியர். அங்கேயே இருந்திருந்தால் யார் குறை சொல்லியிருக்கப் போகிறார்கள்? 1980களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் பழங்குடி, வட்டார மொழிகள் துறையைக் கட்டி எழுப்பினார். முண்டாரி, சந்தாலி, ஹோ, கடியா, குடுக் முதலான ஒன்பது மொழிகள்! அந்தக் குடுக் ஓராவோன் மக்கள் பேசுவது, திராவிடக் குடும்பம், தமிழின் உடன்பிறப்பு. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அந்த மொழிகள் பேசும் ஊர்களில் அக்ரா என்று ஒரு திடல் இருக்கும். பெரியவர்கள் பாட, பிள்ளைகள் கைகோத்து ஆட, மொழி அங்கேதான் கைமாறும். சால மரம் பூக்கும் சர்ஹூல் பண்டிகைக்கு ஒரு வகைப் பாட்டு. மழைக்காலத்துக் கரம் பண்டிகைக்கு வேறு வகை. பருவம் மாறினால் மெட்டு மாறும், காலடி மாறும். அந்தப் பருவத்துச் சொற்கள் பாட்டில்தான் குடியிருக்கும். பாட்டைத் தள்ளிவிட்டு இலக்கணத்தை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவந்தால் வந்து சேர்வது வெறும் எலும்பு. முண்டா இதை அறிந்தவர். அக்ராவையே பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார். நகாரா முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு மாணவர்களோடு ஆடினார். அந்த மனிதர் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்; 2010இல் மாநிலங்களவைக்கும் போனார். வேலை கிடைக்காத படிப்பா இது?

அரசின் அளவுகோலைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்றவர்கள் 24,821 பேர். அதற்கு அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் உண்டு. முண்டாரி பேசுவோர் 11 லட்சத்துக்கு மேல். அதற்கு இடம் இல்லை. குடுக் பேசுவோர் ஏறத்தாழ 20 லட்சம். அதற்கும் இல்லை. இது என்ன நியாயம்?

டெல்லியைத் திட்டிவிட்டு நான் மேடையிலிருந்து இறங்கிவிட மாட்டேன். நம் நீலகிரிக்கு வாருங்கள். தோடர், கோத்தர் மொழிகளை 1930களில் மலையேறி வந்து எழுதியெடுத்தவர் எமனோ என்ற வெளிநாட்டு அறிஞர். தோடர் பாடல்களை 1971இல் பெருநூலாக வெளியிட்டார். அவர் உழைப்பை வணங்குகிறேன். ஆனால் அவருக்குப் பாடிக் காட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாம் போட்ட நாற்காலி எங்கே? பாடுகிறவர் என்றைக்கும் தகவலாளி, எழுதுகிறவர் பேராசிரியரா? இந்தப் பிரிவினையைத்தான் முண்டா தம் வாழ்க்கையால் உடைத்தார்.

பல்கலைக்கழகங்களை நடத்தும் பெரியோர்களே, உங்களைக் கேட்கிறேன். பட்டம் இல்லை என்று கோத்தர் குழல் கலைஞரை வாசலில் நிறுத்தாதீர்கள், ஆசிரியராக அமர்த்துங்கள். அவர் பேத்தி தன் மொழியில் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை கொடுங்கள். கட்டடம் பிறகு கட்டிக்கொள்ளலாம். முதலில் அவர்கள் ஆடிப் பாட ஒரு திடலை ஒதுக்குங்கள்.