ஆறு வற்றினால் அஞ்சுக
(சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்த்திய உரை)



வெள்ளம் என்றதும் நம்மிற் பலர்க்கு நினைவில் எழுவது, நாள்கணக்கில் பெய்யும் மழையும் சிறுகச் சிறுக ஏறிவரும் நீருமே. அவ்வெள்ளம் நமக்கு அவகாசம் தரும். அரிசியையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் மேட்டிற்குக் கொண்டு சென்றுவிடலாம். யான் இன்று பேச வந்தது, அவகாசமே தராத வெள்ளத்தைப் பற்றி. மலாய் மொழியில் அதனைக் 'கெப்பாலா ஆயேர்' என்பர்.

நம் சிலிம் ஆறு தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து பெர்ணம் ஆற்றில் கலக்கிறது. உலு சிலிம் என்கிறோமே, அந்த 'உலு' ஆற்றின் தலைப்பகுதியைக் குறிக்கும் சொல்லாகும். அங்குப் பெய்யும் மழை இங்கு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் மலைமீது இடியுடன் மழை கொட்டும்போது, கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். பால் நிறுத்து முடித்து நாம் ஆற்றுக்குக் குளிக்கச் செல்வதும் அதே பிற்பகலில்தான்.

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் மாலை, நம் பேராக் மாநிலத்திலேயே, கம்பாருக்கு அருகிலுள்ள போஸ் டிப்பாங் என்னும் பூர்வகுடியினர் சிற்றூரில் நிகழ்ந்ததைப் பெரியோர் மறந்திருக்கமாட்டீர்கள். மலையிலிருந்து சேறும் பாறையும் பெருமரங்களும் ஆற்றோடு திரண்டு வந்து அச்சிற்றூரை வாரிச் சென்றன. 44 உயிர்கள் மாண்டன. 2022ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் கெடா மாநிலத்துப் பாலிங் வட்டாரத்திலும் இவ்வாறே மலைவெள்ளம் பாய்ந்து மூவரைப் பலிகொண்டது.

இது எங்ஙனம் நிகழ்கிறது? பெருமழையில் மலைச்சரிவு இடிந்து, மண்ணும் மரமும் ஆற்றில் விழுகின்றன. குறுகிய இடத்தில் அவை சிக்கி அணைபோல் நீரைத் தடுக்கின்றன. பின்னே நீர் தேங்கித் தேங்கி, ஒரு கணத்தில் அவ்வணை உடைகிறது. அப்பொழுது வருவது நீர் மட்டுமன்று. மரக்கட்டைகளைச் சுமந்துவரும் சுவர் எனலாம்.

ஆகவே, ஆற்று நீர் கலங்குவதும், இலையும் சுள்ளியும் மிதந்து வருவதும், மேலே லாரி ஓடுவதுபோல் இரைச்சல் கேட்பதும் அபாய அறிகுறிகள். இவற்றைப் பலரும் அறிவர். பலரும் அறியாதது ஒன்றுண்டு. மலைப்பக்கம் கருத்திருக்கையில் ஆற்று நீர் திடீரெனக் குறைந்தால், அதுவே பேரபாயம்! மேலே எங்கோ நீர் தடைபட்டிருக்கலாம். நீர் குறைந்ததைக் கண்டு மீன் பிடிக்கலாமென இறங்கும் சிறுவர்களை எண்ணினால் நெஞ்சம் நடுங்குகிறது. தாய்மார்களே, இதனை உங்கள் பிள்ளைகளுக்குக் கதைபோலவேனும் சொல்லி வையுங்கள்.

அறிகுறி கண்டால் துணியையும் வாளியையும் தேடவேண்டா. கரையோரமாகக் கீழ்நோக்கி ஓடுவதாலும் பயனில்லை. வெள்ளம் நம்மினும் விரைவாக ஓடும். ஆற்றைவிட்டு விலகி, பக்கத்து மேட்டின்மேல் ஏறுங்கள். மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்துவிடலாமென முயலாதீர்கள். மேட்டை அடைந்தபின், ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ளவர்களுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். 999 எண்ணையும் அழையுங்கள். நீர் வடிந்ததும் பொருள்களை எடுக்க உடனே இறங்கவேண்டா. மலையில் இரண்டாவது அடைப்பும் இருக்கக்கூடும்.