மக்கள் தலைவரும் மண்ணிழந்த மக்களும்



மக்களாட்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் மகிழ்வோர் பலர். 'எந்த மக்களின் ஆட்சி?' என்று வினவுவோர் சிலர். அவ்வினாவை எழுப்பாதவர் ஏமாறுவர் என்பதற்கு, அமெரிக்க ஒன்றிய நாடுகளின் ஏழாவது குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ சாக்சனின் வரலாறே போதிய சான்றாகும்.

1767 மார்ச்சு 15-இல், கரோலினா மாநிலங்களின் எல்லைப்புறத்தில் எளிய குடியில் பிறந்தார் அவர். பிறப்பதற்குச் சில கிழமைகட்கு முன்னரே தந்தை இறந்தார். விடுதலைப் போரில் பதின்மூன்றாம் அகவையிலேயே தூதாளாகச் சேர்ந்து, 1781-இல் ஆங்கிலப் படையினரிடம் சிறைப்பட்டார். படையதிகாரி ஒருவன் தன் காலணியைத் துடைக்குமாறு பணித்தான், சிறுவன் மறுத்தான், வாள்வெட்டு அவன் தலையிலும் கையிலும் விழுந்தது. அப்போரின் விளைவாகவே அண்ணன்மார் இருவரையும் தாயையும் இழந்தான். அயலான் காலணியைத் தொட மறுத்த அச்சிறுவனின் மானத்தைப் போற்றாதார் யார்?

ஆயின், தன் மானத்தைக் காத்தவரெல்லாம் பிறர் மானத்தை மதிப்பார் என்பதில்லை. வழக்கறிஞராய், நிலக்கிழாராய், படைத்தலைவராய் உயர்ந்த சாக்சனின் தென்னசிப் பண்ணையில் கறுப்பின அடிமைகளே உழைத்தனர். அவர் 1845-இல் இறந்தபோது அவர்கள் தொகை ஏறத்தாழ 150.

1814-இல் தல்லபூசா ஆற்று வளைவில் கிரீக்கு இனத்தாரை வென்றார். அப்போரில் செரோக்கி மறவர்கள் அவர் பக்கம் நின்று, ஆற்றை நீந்திக் கடந்து, பகைவரின் ஓடங்களைக் கைப்பற்றி வெற்றிக்கு வழி வகுத்தனர். போருக்குப்பின் கிரீக்கு இனத்தார் இழந்த நிலம் ஏறத்தாழ 2.3 கோடி ஏக்கர். சாக்சனுக்குத் துணைநின்ற கிரீக்குகளின் நிலமும் அதில் அடக்கம். செரோக்கியர் அன்றே விழித்திருக்க வேண்டும்!

1828-இல் 'எளியோரின் தலைவர்' என்னும் பெயருடன் சாக்சன் வென்றார். சொத்துடையார்க்கே உரியதாயிருந்த ஒப்போலை உரிமை, வெள்ளை ஆடவர் பெரும்பாலார்க்கும் பரவியிருந்த காலம் அது. செல்வர்க்கே பயன்படுகிறது என்று கூறி, ஒன்றிய வைப்பகத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கும் சட்டவரைவை 1832-இல் மறுத்தார். 1835-இல் நாட்டுக்கடன் முழுவதையும் தீர்த்தார். இவற்றை மறைத்தல் நடுவுநிலை ஆகாது. ஆனால் அவ்வெளியோர் பட்டியலில் பெண்டிரில்லை, கறுப்பினத்தாரில்லை, அம்மண்ணின் முதற்குடிகளும் இல்லை.

1830 மே 28-இல் பழங்குடி அகற்றச் சட்டத்தில் கையொப்பமிட்டார். மிசிசிபி ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த பழங்குடியினரை மேற்கே பெயர்ப்பதற்கு அது வழிசெய்தது. கீழவையில் அதற்கு 102 பேர் சார்பாகவும் 97 பேர் எதிராகவும் ஒப்போலையிட்டனர். வெள்ளையர் உள்ளத்தும் அறம் முற்றும் மாய்ந்திலது என்பதை அவ்வெண்கள் காட்டும்.

அகற்றப்பட்டோர் யார்? 'நாகரிகமற்றோர்' என்று பழிக்கப்பட்ட செரோக்கியரைப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத செக்கோயா என்னும் பெருமகன், பல்லாண்டு முயன்று தம் தாய்மொழிக்கு 1821-இல் அசையெழுத்து வகுத்தார், 85 எழுத்துகள்! சில ஆண்டுகளில் அம்மக்களுட் பெரும்பகுதியினர் எழுதப் படிக்கக் கற்றனர். 1827-இல் தமக்கென அரசியல் சட்டம் இயற்றினர். 1828 பிப்பிரவரி 21-இல் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் செய்தித்தாள் தொடங்கினர். எழுத்தும் சட்டமும் இதழும் இருந்தும், அவர்தம் நிலத்தில் பொன் கிடைத்தபோது அவையொன்றும் சியார்சியா மாநிலத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

செரோக்கியர் வாளெடுக்கவில்லை, வழக்கெடுத்தனர். சியார்சியாவின் சட்டங்கள் செரோக்கி நிலத்தில் செல்லா என்று 1832-இல் தலைமை நடுவர் மார்சல் தீர்ப்பளித்தார். சியார்சியா பணியவில்லை, சாக்சன் பணிய வைக்கவுமில்லை. அதே ஆண்டில் தென்கரோலினா ஒன்றியத்தின் சுங்கவரியை ஏற்க மறுத்தபோதோ, படைகொண்டு அடக்குவேன் என்று முழங்கினார். வரிக்கு ஒரு முறை. வாழ்வுரிமைக்கு ஒரு முறை!

1835 திசம்பரில், செரோக்கியப் பேராண்மையின் ஒப்புதலின்றிச் சிறுகுழு ஒன்று நிலத்தை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. இதழின் முதல் ஆசிரியராக இருந்தவரே அக்குழுவில் ஒருவர். அதை எதிர்த்துப் பதினையாயிரவர்க்கு மேற்பட்டோர் முறையிட்டனர். எனினும் மேலவை, தேவையான மூன்றில் இருபங்கை ஒரே ஒப்போலையால் எட்டி, அதை ஏற்றது. சியார்சியாக் காவற்படை செரோக்கியரின் அச்சுப்பொறியையும் பறித்திருந்தது. நிலத்தைப் பறிப்பவன் நாவையும் பறிப்பான்!

1838-இல், சாக்சனின் வழிவந்த வான் பியூரனின் ஆட்சியில், படையினர் வீடுவீடாகப் புகுந்து மக்களைக் கொட்டடிகளில் அடைத்தனர். ஏறத்தாழ 16,000 பேர் மேற்கே பெயர்க்கப்பட்டனர். நோயாலும் பசியாலும் குளிராலும் மாண்டோர் ஏறத்தாழ 4,000 என்பர். 'கண்ணீர்த் தடம்' என்று வரலாறு அதனைக் குறிக்கிறது.

அன்பர்களே! சாக்சனின் உருவம் 1928 முதல் அமெரிக்காவின் இருபது தாலர் தாளில் இடம்பெற்றது. செக்கோயாவின் எழுத்தோ அழியவில்லை. 1844-இல், பெயர்க்கப்பட்ட புதுமண்ணிலேயே அவ்வெழுத்தில் மீண்டும் இதழ் எழுந்தது; இன்று கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் அது இயங்குகிறது. அம்மொழியைப் பேசுவோர் தொகை குறைந்துவிட்டதும் உண்மையே. எனினும் எழுத்திருப்பதால் மீட்பதற்கு ஒரு பற்றுக்கோடு இருக்கிறது.

மண்ணைக் காக்க மொழி மட்டும் போதாது என்பதையும், மண்ணை இழந்த பின்னும் இனத்தை இனமாக நிறுத்துவது மொழியே என்பதையும் செரோக்கியர் வரலாறு ஒருங்கே உணர்த்துகிறது. தலைவர்தம் முழக்கத்தைக் கொண்டு அவரை அளவாதீர். அவர்தம் ஆட்சியில் ஒப்போலையற்றோர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதைக் கொண்டே அளவிடுக!