முழங்கால் கதவுப் பிணைச்சல் அன்று



முழங்கால் மூட்டுத் தேய்ந்து நடக்க இயலாது வருந்துவோருக்குச் செயற்கை மூட்டுப் பொருத்தும் சத்திரசிகிச்சை இன்று பல நாடுகளிலும் நாள்தோறும் நடைபெறுகின்றது. அதற்கு ஆயத்தமாகும் பலர் வைத்தியரை நோக்கி, "ஐயா, கால் பழையபடி மடங்குமா?" என்று கேட்பர். கேள்வி எளிது, விடை அவ்வளவு எளிதன்று. 'பழையபடி' என்பது எப்படி என்பதையே வைத்திய உலகம் அண்மைக்காலத்திலேதான் சரிவர அறிந்துகொண்டது.

நாற்காலியில் அமர்ந்து இப்பேச்சைக் கேட்பவர்கள் ஒரு சிறு பரிசோதனை செய்து பார்க்கலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்புறத்தில், ஓர் என்பு மேடு கையில் தட்டுப்படும். அதன்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு காலை மெல்ல நீட்டி முற்றாக நிமிர்த்துங்கள். நிமிர்ந்து முடியும் கடைசிக் கட்டத்தில் அம்மேடு சற்றே வெளிப்புறம் திரும்புவதை உணரலாம். கதவுப் பிணைச்சல் இவ்வாறு திரும்புவதில்லை. முழங்கால் வெறும் பிணைச்சல் அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அப்படியாயின் அது எவ்வாறு இயங்குகின்றது? தொடை என்பின் அடிமுனை இரண்டு உருண்டைகளாக அமைந்திருக்கின்றது. கீழ்க்கால் என்பின் மேல்முனையோ ஏறக்குறையத் தட்டையானது. தட்டின்மேல் உருண்டை. கால் மடங்கும்போது அவ்வுருண்டைகள் வண்டிச் சில்லுப் போல் உருண்டுகொண்டே போகுமானால், சிறிது நேரத்தில் தட்டின் பின்விளிம்பைக் கடந்து கீழே விழுந்துவிடும். சேற்றிற் புதைந்த சில்லுப் போல் நின்ற இடத்திலேயே சுழலுமானால், தொடை என்பு தட்டின் பின்விளிம்பில் முட்டி, கால் பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே உருளுதலும் வழுக்குதலும் கலந்தே நடைபெற வேண்டும். இவ்வுண்மையை ஜேர்மனியைச் சேர்ந்த வெபர் சகோதரர் இருவர் 1836 ஆம் ஆண்டிலேயே, மனிதனின் நடையைப் பற்றித் தாம் எழுதிய நூலில் எடுத்துக் கூறியிருந்தனர்.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. இரண்டு உருண்டைகளும் ஒரே அளவில் நகர்வதில்லை. உட்புறத்து உருண்டை குழியிலிட்ட பந்துபோல ஏறக்குறைய ஓரிடத்திலேயே நின்று சுழல்கின்றது. வெளிப்புறத்து உருண்டையோ, கால் 120 பாகை வரை மடங்கும்போது, சுமார் 20 மில்லிமீற்றர் பின்னோக்கிச் செல்கின்றது. ஒருபுறம் நிற்க, மறுபுறம் ஓடினால் என்னவாகும்? என்பு திருகும். நீங்கள் சற்று முன்னர் விரலால் உணர்ந்த திருப்பத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. இவ்வளவையும் நெறிப்படுத்துவன மூட்டைச் சூழ்ந்த இணைப்பு நார்களும், மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இரு நார்களும், தசைகளுமே.

வெபர் சகோதரரின் நூல் இருந்தும், செயற்கை மூட்டுச் செய்யப் புகுந்தவர்கள் நெடுங்காலம் பிணைச்சலையே செய்துவந்தனர். 1890 ஆம் ஆண்டில் பேர்லினில் தெமிஸ்தொக்கிளிஸ் குளுக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் யானைத் தந்தத்தாற் பிணைச்சல் மூட்டொன்று செய்து பொருத்தினார். கிருமித் தொற்று அவருடைய முயற்சியைத் தோற்கடித்தது. 1950களில் சுவீடனிலே வால்டியஸ் என்பவரும் இங்கிலாந்திலே ஷையர்ஸ் என்பவரும் செய்த மூட்டுகளும் பிணைச்சல்களே. அவை மடங்கின, நிமிர்ந்தன; திரும்பவில்லை. ஆனால் மனிதன் நடக்கும்போது கால் திரும்பியே தீரும். பிணைச்சல் இடங்கொடாத அத்திருகல் விசை முழுவதும், உலோகமும் என்பும் சேரும் இடத்தைத் தாக்கிற்று. காலப்போக்கிற் பல மூட்டுகள் தளர்ந்தன. கதவை வலிந்து திருகினால் ஆணி நிலையிலிருந்து கழன்று வருவது போலத்தான்.

இந்த எண்ணத்தை உடைத்தவர் கனடா நாட்டவரான பிராங்க் கன்ஸ்டன். இடுப்பு மூட்டுச் சிகிச்சையிற் புகழ்பெற்ற ஜோன் சார்ன்லியிடம் இங்கிலாந்திலுள்ள ரைட்டிங்டன் வைத்தியசாலையிற் பணிபுரிந்தபோது, 1968 ஆம் ஆண்டில், அவர் பிணைச்சலை அறவே கைவிட்டார். தொடை என்பின் இரு உருண்டைகளுக்கும் இரண்டு அரைவட்ட உலோகத் துண்டுகள், அவை ஓடுவதற்குக் கீழே பிளாஸ்டிக்கினாலான இரண்டு தடங்கள், அவ்வளவே. இரண்டையும் இணைக்கும் ஆணி கிடையாது. நோயாளியின் சொந்த நார்களே மூட்டைப் பிடித்திருக்க வேண்டும். என் கருத்தில், இத்துறையின் வரலாற்றில் இதனினும் துணிவான செயல் வேறில்லை.

இன்று பொருத்தப்படும் மூட்டுகளிற் பெரும்பாலானவை இவ்வழியில் வந்தவை. 'முழங்காலை மாற்றுதல்' என்று நாம் கூறினாலும் உண்மையில் மாற்றப்படுவது மேற்பரப்பு மாத்திரமே. தேய்ந்த கசியிழையத்தையும் அதனடியிலுள்ள என்பிற் சிறிதளவையும் சீவி எடுத்து, மேலே கோபாற்று, குரோமியம் கலந்த உலோக உறையும், கீழே உலோகத் தட்டின்மீது கடினமான பொலித்தீன் பாளமும் பொருத்துகின்றனர். குறுக்கு நார்களுள் முன்னது பெரும்பாலும் நீக்கப்படுகின்றது. பின்னதை வைத்திருப்பாரும் உளர், நீக்குவாரும் உளர். நீக்கினால், மடங்கும்போது தொடை என்பைப் பின்னோக்கித் தள்ளுவதற்கு எதுவும் இராது. இக்குறையைத் தீர்க்க, நியூயோர்க்கில் இன்சோல், பேர்ஸ்டைன் என்னும் இருவர், 1978 ஆம் ஆண்டில், பிளாஸ்டிக்கின் நடுவே ஒரு முளையையும் உலோக உறையில் அம்முளையைத் தொட்டு உந்தும் ஒரு குறுக்குத் தண்டையும் அமைத்தனர்.

இவையெல்லாம் உடலுக்குள்ளே எண்ணியபடிதான் இயங்குகின்றனவா? 1990களில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்டவர்களை முழங்காலை மடக்கிக் குனியச் செய்து, எக்ஸ்-கதிர் கொண்டு அசையும் படமெடுத்தனர். கண்ட காட்சி வியப்பூட்டியது. பின்குறுக்கு நார் காப்பாற்றப்பட்ட மூட்டுகள் பலவற்றில், பின்னோக்கிச் செல்ல வேண்டிய தொடை என்பு, கால் மடங்க மடங்க முன்னோக்கி வழுக்கியது! அவ்வாறு வழுக்கினால் தொடை என்பு தட்டின் பின்விளிம்பை விரைவில் முட்டும், மடக்கம் குறையும், முன்தொடைத் தசையின் வலுவும் வீணாகும். நார் இருப்பது மாத்திரம் போதாது, அது சரியான இறுக்கத்தில் இருத்தல் வேண்டும் என்பதை இப்படங்கள் உணர்த்தின. உட்புறத்தைப் பந்துங் குழியுமாக அமைத்து இயற்கையைப் பின்பற்ற முயலும் மூட்டுகளும் அதே பத்தாண்டின் பிற்பகுதியில் வந்தன. அவற்றால் நோயாளிக்கு எவ்வளவு நன்மை என்பதில் ஆய்வுகள் ஒரே தீர்ப்பு வழங்கவில்லை.

மூட்டின்மேல் விழும் பாரத்தையும் சிறிது எண்ணிப் பாருங்கள். பேர்லின் ஆய்வாளர்கள் ஐந்து நோயாளிகளின் செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுகருவியை வைத்து, 2010 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். சமதரையில் நடக்கும்போது உடல் நிறையைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேலும், படியிறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கும் அம்மூட்டைத் தாக்குகின்றன. 60 கிலோ நிறையுள்ளவர் படியிறங்கினால், ஒவ்வோர் அடியிலும் 200 கிலோவுக்கு மேல்!

இனி, முதலிற் கேட்ட கேள்விக்கு வருவோம். நடப்பதற்குச் சுமார் 70 பாகை மடக்கம் போதும். நாற்காலியிலிருந்து எழ 90 பாகைக்கு மேல் வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் பெரும்பாலோர் 110 முதல் 120 பாகை வரை அடைகின்றனர். குந்தியிருப்பதற்கோ 130 பாகைக்கு மேல் தேவை. ஆகவே நடையும் படியும் நாற்காலியும் எட்டும். தரையிற் சப்பணமிட்டிருத்தலும் குந்துதலும் பலருக்கு எட்டா. பாயில் அமர்ந்து உண்டு பழகிய நம் முதியோருக்கு இது சிறிய இழப்பன்று. முன்கூட்டியே அறிந்திருந்தால் மனம் அதற்கு ஆயத்தமாகும். சிகிச்சை பெற்றோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் முழு மனநிறைவு அடைவதில்லை என்று ஆய்வுகள் கூறுகின்றன. எதிர்பார்ப்புக்கும் கிடைப்பதற்கும் உள்ள தூரம் அதற்கு ஒரு முக்கிய காரணம்.

நடக்கும்போது மூட்டிலிருந்து 'டக்' என்று ஓசை எழுவதைக் கேட்டுச் சிலர் அஞ்சுவர். உலோகம் பிளாஸ்டிக்கைத் தொடும் ஓசைதான் அது. வலியும் வீக்கமும் இல்லையாயின் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது வேறொன்று. சத்திரசிகிச்சைக்குப் பின்னான முதற் சில வாரங்களிற் காலை மடக்கவும் நிமிர்த்தவும் பயிலாவிடில், உள்ளே தழும்பு இறுகி மூட்டை விறைக்கச் செய்துவிடும். வலிக்கு அஞ்சி முழங்காலின் கீழே தலையணையை வைத்துப் படுப்பது இதமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியே நாட்கள் சென்றால் கால் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். பின்னர் நடையும் நொண்டும். வீட்டில் உள்ளவர்கள் பரிவினால் அந்தத் தலையணையைக் கொண்டுவந்து வைத்தால், அதை முழங்காலின் கீழிருந்து எடுத்துக் குதிகாலின் கீழே வையுங்கள்.