முதலில் நிமிர்த்துவோம், பிறகு நிறம் பார்ப்போம்

(ஆவணப்படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஜெய்பீம்.

கலர் கிரேடிங் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். நம் சினிமாக்காரர்கள் டிஐ என்று சொல்கிறார்களே, அதுதான். நான் அதற்கு ஒரு படி முன்னால் நின்று பேசப்போகிறேன். எடிட்டிங்குக்கு வந்து சேரும் காட்சிகளில் சில தலைகீழாக இருக்கும். அவற்றை நிமிர்த்துகிற வேலையைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு.

"ஒரு பட்டனைத் தட்டினால் முடிந்தது, இதற்கு ஒரு உரையா தோழர்?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பட்டனை எப்போது தட்டுகிறோம், எந்தப் பட்டனைத் தட்டுகிறோம் என்பதில் ஒருவருடைய முகமும் ஒருவருடைய சாட்சியமும் அடங்கியிருக்கிறது. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

காட்சி ஏன் தலைகீழாக வருகிறது? உண்மையில் எல்லாக் காட்சியும் தலைகீழாகத்தான் பிறக்கிறது. எந்த லென்ஸும் வெளியே இருப்பதைத் தலைகீழாகத்தான் உள்ளே விழச்செய்யும். நம் கண்ணிலும் அப்படித்தான். மூளை அதைச் சரியாகப் புரிந்துகொள்கிறது. கேமராவுக்குள் அந்த வேலையை மின்னணுச் சுற்று செய்கிறது. கேமரா இன்ன நிலையில்தான் இருக்கும் என்று நினைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. கேமராவை வேறு நிலையில் வைத்தால் ஏற்பாடு பொய்த்துப்போகிறது.

நம்மிடம் வருகிற தலைகீழ்க் காட்சிகள் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகின்றன. முதலாவது, கேமராவையே தலைகீழாகத் தொங்கவிட்டு எடுப்பது. கிரேனிலோ, கிம்பலிலோ, கூட்ட அரங்கின் கூரையிலோ அப்படி மாட்டுவார்கள்.

இரண்டாவது வழி, 2000களின் நடுப்பகுதியில் சிறு பட்ஜெட்காரர்கள் பயன்படுத்திய லென்ஸ் அடாப்டர். டிவி கேமரா இருக்கும், சினிமா கேமராவுக்குப் பணம் இருக்காது. அதனால் ஸ்டில் கேமரா லென்ஸ் ஒன்றை முன்னால் வைத்து, நடுவில் தேய்த்த கண்ணாடியை வைத்து, அந்தக் கண்ணாடியில் விழும் பிம்பத்தை வீடியோ கேமராவால் படம் பிடிப்பார்கள். பின்புலம் மங்கலாகி சினிமா போல இருக்கும். ஆனால் கண்ணாடியில் பிம்பம் தலைகீழாகத்தான் விழும். நிமிர்த்தித் தரும் கூடுதல் கருவி வாங்க முடியாதவர்கள் மானிட்டரைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். அந்தக் காலத்து மினி டிவி கேசட்டுகளை இன்று கணினிக்கு மாற்றும்போது காட்சிகள் தலைகீழாகவே வருகின்றன.

மூன்றாவது வழி செல்போன். நமக்கு மிக முக்கியமானது இதுதான். போனில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் நொடியில் போன் எப்படிப் பிடிக்கப்பட்டிருந்ததோ, அந்தத் திசைதான் வழக்கமாகக் கோப்பில் குறிப்பாகப் பதிவாகும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டும், தொடைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டும் பட்டனை அழுத்தியவரின் வீடியோ புரண்டுதான் கிடக்கும். சேரித் தெருவுக்குள் கும்பல் நுழையும்போது யாரும் போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நிற்க மாட்டார்கள். தலைகீழாக வந்த வீடியோவைப் பார்த்து "எடுக்கத் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள்" என்று எடிட்டிங் அறையில் சிரிக்காதீர்கள். எடுத்தவர் எவ்வளவு பயத்தில் நின்றார் என்பதும் அந்தக் காட்சியில் பதிவாகியிருக்கிறது.

இப்போது நிமிர்த்துவதற்கு வருவோம். மென்பொருளில் இரண்டு கட்டளைகள் இருக்கும். ஒன்று ரொட்டேஷன், சுழற்றுவது. இன்னொன்று ஃபிளிப், கண்ணாடி போலத் திருப்புவது. கேமரா தலைகீழாக இருந்தால் மேல் கீழாகிறது, கூடவே இடது வலதாகிறது. ஆகவே 180 டிகிரி சுழற்ற வேண்டும். அவசரத்தில் செங்குத்து ஃபிளிப்பை மட்டும் தட்டினால் ஆட்கள் நேராக நிற்பார்கள், பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இடதும் வலதும் மாறிக் கிடக்கும். ஃபிளிப்பைத்தான் பயன்படுத்துவேன் என்றால் இரண்டு திசையிலும் தட்ட வேண்டும்; இரண்டும் சேர்ந்தால் சுழற்றியதாகிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்து தெரிந்தால் உடனே தெரிந்துவிடும். எழுத்து இல்லாத காட்சியில் வேறு அடையாளங்களைத் தேடுங்கள். நம் ஊரில் முந்தானை இடது தோளில் விழும். பேருந்து ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார். நம் தெருமுனைகளில் நிற்கும் அம்பேத்கர் சிலையைப் பாருங்கள். வழக்கமான சிலையில் வலது கை விரல் நீட்டியிருக்கும், இடது கை அரசமைப்புச் சட்டத்தை அணைத்திருக்கும். உங்கள் டைம்லைனில் புத்தகம் வலது கைக்குப் போயிருந்தால் நீங்கள் காட்சியை நிமிர்த்தவில்லை, கண்ணாடியில் காட்டியிருக்கிறீர்கள்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தின் மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். அந்த நாளைப் பற்றி இயக்குநர் ஆர்.ஆர். சீனிவாசன் ஆவணப்படம் எடுத்தார். ஆறு எந்தப் பக்கம், ஆட்சியர் அலுவலகம் எந்தப் பக்கம், மக்கள் எங்கிருந்து எங்கே விரட்டப்பட்டார்கள் என்பதுதான் அப்படிப்பட்ட காட்சிகளின் உயிர். இத்தகைய ஒரு காட்சியை யாராவது கண்ணாடி போலத் திருப்பிவிட்டால் ஓடியவர்கள் எதிர்த்திசையில் ஓடுவார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது ஒன்றே போதும். "இந்த வீடியோ திரிக்கப்பட்டது" என்று சொல்வதற்கு நாமே கையில் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

பிலிம் காலத்தில் இன்னொரு விநோதம் இருந்தது. தலைகீழான கேமராவில் எடுத்த பிலிம் துண்டை நிமிர்த்த அதை முனை மாற்றி ஒட்டுவார்கள். பிம்பம் நேராகும், ஆனால் காலம் பின்னோக்கி ஓடும். உடைந்த பானை ஒட்டிக்கொள்ளும் மாயக் காட்சிகளை அப்படித்தான் எடுத்தார்கள். நிமிர்த்துகிறேன் என்று கை வைக்கும்போது கூடவே வேறு எது புரள்கிறது என்று எப்போதும் பார்க்க வேண்டும்.

டிஜிட்டலிலும் அப்படிப் புரள்கிறவை உண்டு. நம் பழைய டிவி கேசட்டில் ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதியாகப் பதிவாகியிருக்கும். ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் இன்னொரு பாதி. வினாடிக்கு 25 பிரேம், 50 பாதிகள். மொத்த வரிகள் 576. இதைத் தலைகீழாக்கினால் மேல் வரி கீழ் வரியாகி, பாதிகளின் வரிசை மாறிவிடும். நடந்து போகிறவர் ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று நடுங்குவார். எனவே முதலில் டீஇன்டர்லேஸ் செய்து பாதிகளை முழு பிரேமாக்குங்கள், பிறகு சுழற்றுங்கள். ஒலியையும் கவனியுங்கள். கேமராவிலேயே இருக்கும் ஸ்டீரியோ மைக்கும் சேர்ந்துதான் தலைகீழாக இருந்தது. படத்தைச் சுழற்றியதும் இடது, வலது ஒலித்தடங்களை இடம் மாற்றுங்கள்.

சரி, இதையெல்லாம் கலர் கிரேடிங்குக்கு முன்னால் ஏன் செய்ய வேண்டும்? "நிறத்துக்கும் நிமிர்வுக்கும் என்ன சம்பந்தம், கடைசியில் சுழற்றிக்கொள்ளலாமே" என்று கேட்பார்கள். சில ஓவியர்கள் படத்தை வேண்டுமென்றே தலைகீழாக வைத்து நிறங்களைச் சரிபார்ப்பார்கள் என்பதையும் எடுத்துச் சொல்வார்கள். உண்மைதான். பொருளை மறந்து நிறத்தை மட்டும் பார்க்க அது உதவும். ஆனால் நம் படத்தில் நாம் மறக்கக்கூடாதது அந்த ஆளைத்தானே?

1980இல் பீட்டர் தாம்சன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். மார்கரெட் தாட்சரின் புகைப்படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். அந்தப் படத்தை நேராகப் பார்த்தால் கோரமாக இருக்கும். முழுப் படத்தையும் தலைகீழாகப் பிடித்தால் சாதாரண முகமாகத்தான் தெரியும். தலைகீழான முகத்தை மனிதக் கண்ணால் முகமாகப் படிக்க முடிவதில்லை என்பதை அது காட்டியது. ஒளியையும் நாம் அப்படியே தவறாகப் படிப்போம். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை எடுத்துக்கொள்கிறது. காட்சி தலைகீழாக இருந்தால் மேடு பள்ளமாகத் தெரியும், பள்ளம் மேடாகத் தெரியும். கன்னத்து நிழல் எங்கே விழுகிறது என்றே பிடிபடாது.

தலைகீழ் முகத்துக்கு நிறம் பார்க்கிற கை என்ன செய்யும்? முகம் தெரியாததால் பழகிய அளவுக்குப் போகும். பழகிய அளவு என்பது யாருடைய தோல்? கோடாக் நிறுவனம் பிரிண்டிங் லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்ற ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுப்புத் தோல் மங்கிப்போனால் அதைப் பிழையாகவே எண்ணவில்லை. பிலிமில் பழுப்பு நிறங்களை மேம்படுத்தச் சொல்லி அழுத்தம் கொடுத்தவர்களில் மரச்சாமான் விளம்பரக்காரர்களும் சாக்லேட் விளம்பரக்காரர்களும் இருந்தார்கள் என்று லோர்னா ராத் 2009இல் வெளியான தன் ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். மேசைக்கும் சாக்லேட்டுக்கும் கிடைத்த கவனம் மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

நம் ஊரில் நிறத்தோடு சாதியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கறுப்பாக இருக்கும் கதாநாயகியை வெளுப்பாக்குவதும், சேரியைக் காட்டும்போது காட்சி முழுவதற்கும் அழுக்கு மஞ்சளைப் பூசுவதும் டிஐ அறையில் எடுக்கப்படும் முடிவுகள். நம் படங்களில் அதைச் செய்யாமல் இருக்க ஒரு தொழில்நுட்ப உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கென ஒரு கோடு இருக்கும். கறுப்புத் தோல், வெள்ளைத் தோல் எதுவானாலும் நல்ல வெளிச்சத்தில் ஏறக்குறைய அந்தக் கோட்டின் பக்கத்தில்தான் விழும். மாறுபடுவது முக்கியமாக வெளிச்ச அளவு. அதனால் கறுப்புத் தோலின் நிறத்தைத் 'திருத்த' வேண்டியதில்லை, வெளுப்பாக்கவும் வேண்டியதில்லை. நெற்றியிலும் கன்னத்திலும் விழும் மினுமினுப்பையும், நிழலுக்குள் இருக்கும் விவரத்தையும் காப்பாற்றினால் போதும். அந்த மினுமினுப்பைப் பார்க்கவே முகம் நேராக இருக்க வேண்டும்.

வேலை முறைக் காரணமும் ஒன்று உண்டு. கிரேடிங்கில் திரையின் இடத்தை வைத்தே பல திருத்தங்கள் செய்கிறோம். மேல் பாதியில் வானத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்குவோம், ஒரு முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு வெளிச்சம் கூட்டுவோம். பிறகு யாராவது கோப்பைச் சுழற்றினால் வானத்துக்குப் போட்டது தரையில் விழும், முகத்துக்குப் போட்டது முழங்காலுக்குப் போகும். சுழற்றல் முதலில் நடக்கிறதா, நிறத் திருத்தம் முதலில் நடக்கிறதா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். முன்கூட்டியே நிமிர்த்திவிட்டால் அந்தக் குழப்பமே வராது.

கடைசியாக ஒன்று. நிமிர்த்துவது நகலில் மட்டும். மூலக் கோப்பைத் தொடாதீர்கள், தலைகீழாகவே இருக்கட்டும். போனிலிருந்து நேரடியாக வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கும், கோப்பில் இருக்கும் குறிப்புகளும் பெரும்பாலும் போய்விடும். வாங்கிய உடனே கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறித்து வையுங்கள். மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாகத் தாக்கல் செய்வதற்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய சட்டம், பிரிவு 63இல் கேட்கும் சான்றிதழில் அந்த மதிப்பு எழுதப்பட வேண்டும். நகலில் என்ன செய்தீர்கள், எத்தனை டிகிரி சுழற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். படம் திரையரங்குக்குப் போகலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். இரண்டு இடத்திலும் பதில் சொல்ல நம் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

பயந்த கையோடு ஒருவர் அந்த வீடியோவை எடுத்து நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார். முதல் வேலையாக அதற்கு நகல் எடுத்து, நிமிர்த்தி, அதில் இருக்கும் ஆட்களின் முகத்தைப் பாருங்கள். யார் என்று கேட்டுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நிறத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜெய்பீம்.